ஒளிக்கூம்பின் அகலம்

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் பழ ஈயின் உடல் நீளம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அதன் செந்நிறக் கூட்டுக்கண் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 750 சிறுகண்கள் அறுகோண வடிவில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஒரு சிறுகண்ணின் குறுக்களவு 17 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனில் அது நான்கில் ஒரு பங்கு. அறுகோணத்தின் மூலைகளில், ஒன்று விட்டு ஒன்றாக, ஒரு நுண்மயிர் நிமிர்ந்து நிற்கும். இந்தக் கண்ணைத் தெளிவாகப் படமெடுக்க என்ன கருவிகள் வேண்டும், எதற்கு முதலில் பணம் செலவழிக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. பழ ஈயின் கண்ணை அளவுகோலாக வைத்துக்கொண்டால், விளம்பரங்கள் குழப்பும் இடங்களில் கணக்கு வழிகாட்டும்.

சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவைப் பொருளின் உண்மையான அளவால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். முழுச்சட்ட சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24. சாதாரண மேக்ரோ லென்ஸ் ஒரு மடங்கு உருப்பெருக்கம் வரை போகும். அப்போது இரண்டரை மில்லிமீட்டர் ஈ, சென்சாரிலும் இரண்டரை மில்லிமீட்டர்தான். சென்சாரில் 24 மெகாபிக்சல் இருந்தால் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். ஆக, 17 மைக்ரான் சிறுகண்ணுக்குக் கிடைப்பது மூன்று பிக்சல். மூன்று பிக்சலில் அறுகோணம் வராது. சிவப்புப் பரப்பில் லேசான சொரசொரப்பு மட்டும் தெரியும். ஐந்து மடங்கில் ஒரு சிறுகண்ணுக்கு 14 பிக்சல் கிடைக்கிறது, பத்து மடங்கில் 28. பத்து மடங்கில் சட்டத்துக்குள் அடங்கும் பரப்பு 3.6 மி.மீ. அகலமும் 2.4 மி.மீ. உயரமும்தான். ஈ ஒன்றே படத்தை நிரப்பிவிடும்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். மடங்கு எண் பெரிதானால் விவரமும் பெருகும் என்று நம்பி, பெட்டியின் மேல் "1000 மடங்கு" என்று அச்சிட்ட யுஎஸ்பி நுண்ணோக்கியை வாங்குகிறார்கள். அந்த ஆயிரம், பிம்பத்தைக் கணினித் திரையில் விரித்துக் காட்டும்போது வரும் எண். மங்கலான படத்தைச் சுவர் அளவுக்குப் பெருக்கினாலும் அந்த நுண்மயிர் அதில் தோன்றாது. லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பதைவிட, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளை எவ்வளவு நெருக்கம் வரை பிரித்துக் காட்டுகிறது என்பதுதான் முக்கியம்.

இந்தப் பிரிதிறனுக்கு எல்லை வகுத்தவர் எர்ன்ஸ்ட் அபே. ஜெர்மனியின் யேனா நகரில், கார்ல் ஸைஸின் பட்டறைக்காக நுண்ணோக்கிகளைக் கணக்கிட்டு வடிவமைத்தவர். அதுவரை லென்ஸ் செய்வது பெரும்பாலும் கைப்பழக்கத்தால் வந்த திறமையாக இருந்தது: தேய்த்துப் பார்ப்பது, சரியில்லை என்றால் மறுபடி தேய்ப்பது. ஒளி ஓர் அலை என்பதிலிருந்தே கணக்கைத் தொடங்கிய அபே, 1873-இல் தம் முடிவை வெளியிட்டார். பொருளின் ஒரு புள்ளியிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதில் ஒரு கூம்பளவை மட்டுமே லென்ஸ் உள்வாங்குகிறது. அந்தக் கூம்பு எவ்வளவு அகலமோ, அவ்வளவு நுண்ணிய விவரம் பிம்பத்தில் வந்து சேரும். குறுகிய கூம்பில் நுழைந்த ஒளியை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும், வழியில் தொலைந்த விவரம் திரும்பாது. யேனா பல்கலைக்கழகத்தில் உள்ள அபே நினைவுச் சின்னத்தில் இந்தச் சூத்திரத்தைக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். நுண்ணோக்கிக்கு அது எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கூம்பின் அகலத்தைக் குறிக்கும் எண்ணுக்கு எண்ணியல் துளை என்று பெயர். காற்றில் வேலை செய்யும் லென்ஸுக்கு அது கூம்பின் கோணத்தில் பாதியின் சைன் மதிப்பு. 0.14 என்றால் கூம்பின் முழுக் கோணம் 16 பாகை. 0.28 என்றால் 32 பாகைக்குச் சற்று மேல். பச்சை ஒளியில் கணக்கிட்டால், எண்ணியல் துளை 0.10 உள்ள லென்ஸ் சுமார் 3.4 மைக்ரான் இடைவெளியில் உள்ள புள்ளிகளைப் பிரிக்கும், 0.14 என்றால் 2.4 மைக்ரான், 0.28 என்றால் 1.2 மைக்ரான். வண்ணத்துப்பூச்சியின் சிறகுச் செதிலில் ஓடும் வரிகளுக்கிடையே ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரான் இடைவெளிதான் இருக்கும். 0.14 லென்ஸால் அந்தச் செதிலின் வடிவத்தைத்தான் காட்ட முடியும். வரிகள் வேண்டுமானால் 0.28-க்குப் போகவேண்டும். வாங்குமுன் பார்க்கவேண்டிய முதல் எண் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மடங்கு எண் அதற்குப் பிறகு.

மேக்ரோ லென்ஸ்களின் மேல் எண்ணியல் துளையை அச்சிடுவதில்லை. எஃப் எண்ணைத்தான் அச்சிடுகிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. லென்ஸில் எஃப் 2.8 என்று எழுதியிருப்பது தொலைவிலுள்ள பொருளுக்கு. உருப்பெருக்கம் கூடக் கூட லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் நீள்கிறது; அதே துளை வழியே வந்த ஒளி மேலும் பரந்து விழுகிறது. எழுதியுள்ள எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் உண்மையில் செயல்படும் எண் தோராயமாகக் கிடைக்கும். ஐந்து மடங்கில் எஃப் 2.8 என்பது 2.8 பெருக்கல் 6. அதாவது எஃப் 16.8. ஒளியும் 36-இல் ஒரு பங்காகக் குறைகிறது.

பூக்களையும் பட்டாம்பூச்சிகளையும் ஒரு மடங்கில் எடுத்துப் பழகியவர்களுக்கு, குவிய ஆழம் வேண்டுமானால் அபெர்ச்சரை எஃப் 11-க்குக் குறைப்பது கைப்பழக்கமாகியிருக்கும். ஐந்து மடங்கில் அதைச் செய்தால் செயல்படும் எண் 66. இவ்வளவு சிறிய துளையில் விளிம்பு விளைவு ஒவ்வொரு புள்ளியையும் சென்சாரில் சுமார் 89 மைக்ரான் அகலமுள்ள மங்கல் வட்டமாக விரித்துவிடும். ஐந்து மடங்கில் சிறுகண்ணின் பிம்பமே 85 மைக்ரான்தான்! ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறுகண்ணின் அளவுக்கு வீங்கிவிட்டால் நுண்மயிர் எங்கே தெரியப்போகிறது? அதே லென்ஸை எஃப் 2.8-இல் திறந்து வைத்தால் மங்கல் வட்டம் 23 மைக்ரானுக்குச் சுருங்கும். லென்ஸ் குறைகளைக் கொஞ்சம் தணிக்க எஃப் 4 வரை போகலாம். அதற்கு மேல் மூடுவது நல்ல லென்ஸை வீணாக்குவதே.

இனி கருவிகள். இரண்டு மடங்கு வரை பல எளிய வழிகள் உண்டு. அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். இரண்டு மடங்கு போகும் மேக்ரோ லென்ஸ்களை லாவா நிறுவனம் பல கேமராக்களுக்குச் செய்கிறது. ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறிய லென்ஸை ஏற்கெனவே கையிலுள்ள லென்ஸின் முன்னால் கவ்வி மாட்டலாம். அதன் குவிய நீளம் 125 மி.மீ. என்பதால், 200 மி.மீ. லென்ஸின் முன் வைத்தால் 1.6 மடங்கு கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் ட்யூப் இன்னும் எளிது. அதில் கண்ணாடியே கிடையாது. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. நீள ட்யூப் சேர்த்தால் ஒரு மடங்கு கூடும். வெளியில், செடியில் உட்கார்ந்திருக்கும் உயிருள்ள பூச்சியைக் கையில் பிடித்த கேமராவால் எடுக்க இவை போதும், பல வேளைகளில் இவைதான் சிறந்தவையும்.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்லும் வழி, லென்ஸைத் திருப்பி மாட்டுவது. பழைய ஃபிலிம் கேமராவின் 28 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸ் பழைய கேமரா கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ரிவர்ஸ் ரிங் ஒன்றும் எக்ஸ்டென்ஷன் ட்யூப்களும் சேர்த்தால் மூன்று மடங்கைத் தாண்டலாம். திருப்புவதற்குக் காரணம் உண்டு. சாதாரண லென்ஸ், தொலைவிலுள்ள பெரிய காட்சியை அருகிலுள்ள சிறிய சட்டத்தில் விழச்செய்யத் திருத்தி அமைக்கப்பட்டது. உருப்பெருக்கம் ஒன்றைத் தாண்டும்போது அந்த உறவு தலைகீழாகிறது; சிறிய பொருள் முன்னால், பெரிய பிம்பம் பின்னால். லென்ஸையும் தலைகீழாக்கினால், எந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரத்துக்கு அது திருத்தப்பட்டதோ அதே நிலையில் வேலை செய்கிறது. அபெர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கும் பழைய லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும். கேமராவிலிருந்து மின்கட்டளை போகாது என்பதால், வளையமில்லாத புது லென்ஸில் துளையை மாற்றுவது கடினம்.

இரண்டரை மடங்கிலிருந்து ஐந்து வரை தனியாகச் செய்த லென்ஸ்கள் இருக்கின்றன. 1999-இல் வந்த கேனானின் எம்பி-ஈ 65 மி.மீ., ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு வரை தொடர்ச்சியாகப் போகும். தானியங்கி ஃபோகஸ் அதில் இல்லை. லென்ஸை நீட்டினால் உருப்பெருக்கம் கூடும், தெளிவு வருவதற்குக் கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஐந்து மடங்கில் லென்ஸின் முகப்பிலிருந்து பூச்சி வரை 41 மி.மீ. இடம் கிடைக்கும். லாவாவின் 25 மி.மீ. லென்ஸ் இரண்டரையிலிருந்து ஐந்து மடங்கு வரை, ஏறக்குறைய அதே வேலைத் தூரத்தில், குறைந்த விலையில் செய்கிறது. இரண்டுமே எஃப் 2.8. ஆகவே ஐந்து மடங்கில் இரண்டின் எண்ணியல் துளையும் 0.15-ஐ ஒட்டியே வரும். பழ ஈயின் அறுகோணங்கள் இங்கே தெளிவாக வந்துவிடுகின்றன. நுண்மயிரும் தெரியத் தொடங்கும்.

அதற்கு மேல் போக விரும்புபவர் கேமரா லென்ஸ்களின் உலகை விட்டு நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸுக்கு வரவேண்டும். புகைப்படக்காரர்கள் அதை ஆப்ஜெக்டிவ் என்றே சொல்கிறார்கள். கேமராவையும் நுண்ணோக்கியையும் இணைப்பது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிகோ என்ற ஊரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி, துருத்தி வைத்த கேமராவை நுண்ணோக்கியோடு பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று பனிப்படிகம் ஒன்றைப் படமெடுத்தார். வாழ்நாளில் அவர் எடுத்த படிகங்கள் 5000-க்கும் மேல். இன்று மேசையில் நாம் அமைப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

ஆப்ஜெக்டிவ் வாங்குபவர் கற்றுக்கொள்ள வேண்டியது அதன் உடலில் பொறித்திருக்கும் எண்களைப் படிப்பது. "10/0.25" என்று இருந்தால் முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது எண்ணியல் துளை. கீழே "160/0.17" என்று இருந்தால் அது பழைய வகை, 160 மி.மீ. நீளக் குழாயில் பொருத்துவதற்காகச் செய்தது. 0.17 என்பது மாதிரியின் மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டின் தடிமன், மில்லிமீட்டரில். 160-க்குப் பதில் முடிவிலிக் குறி இருந்தால் அது புது வகை. அதிலிருந்து ஒளி இணைகதிர்களாக வெளிவரும். பிம்பம் விழுவதற்கு இன்னொரு லென்ஸ் பின்னால் வேண்டும்.

பழைய வகையைப் பொருத்துவது சுலபம். ஆப்ஜெக்டிவின் தோள்பட்டையிலிருந்து சென்சார் வரை 150 மி.மீ. இருக்கும்படி பெல்லோஸிலோ எக்ஸ்டென்ஷன் ட்யூப்களிலோ மாட்டினால், எழுதியிருக்கும் மடங்கு கிடைத்துவிடும். பள்ளி ஆய்வகங்களுக்கான நுண்ணோக்கிகளை ஹரியானாவின் அம்பாலாவில் நிறையச் செய்கிறார்கள். அவற்றின் 4/0.10 ஆப்ஜெக்டிவ் மிக மலிவு. நான்கு மடங்கில் அது எஃப் 20-க்குச் சமமாக வேலை செய்யும். கேனான் லென்ஸை நான்கு மடங்கில் எஃப் 4-இல் வைத்தாலும் செயல்படும் எண் அதே 20 என்பதைப் பார்க்கும்போது, இவ்வளவு சிறிய செலவில் இது பெரிய ஆதாயம். குறையும் உண்டு. பழைய ஆப்ஜெக்டிவ்கள் பலவற்றில் நிறப்பிழையின் ஒரு பகுதியைச் சரிசெய்யும் வேலை கண்ணருகு லென்ஸிடம் விடப்பட்டிருந்தது. கண்ணருகு லென்ஸ் இல்லாமல் நேரே சென்சாரில் பிம்பத்தை விழவைத்தால், ஓரங்களில் நீலமும் சிவப்பும் விளிம்பு கட்டும். முடிந்தால் ஒரு படமெடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

முடிவிலி வகைக்குப் பின்னால் வைக்கவேண்டிய லென்ஸ், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் டெலிஃபோட்டோவாகவே இருக்கலாம். நிக்கான், மிட்டுடோயோ நிறுவனங்களின் ஆப்ஜெக்டிவ்கள் 200 மி.மீ. லென்ஸோடு எழுதியிருக்கும் மடங்கைத் தரும்படி கணக்கிடப்பட்டவை. ஒலிம்பஸுக்கு இது 180 மி.மீ. டெலிஃபோட்டோவை முடிவிலிக்கு ஃபோகஸ் செய்து, அபெர்ச்சரை முழுவதும் திறந்து, ஃபில்டர் மாட்டும் திருகில் ஒரு இணைப்பு வளையம் வைத்து ஆப்ஜெக்டிவை மாட்டினால் முடிந்தது. அதற்கு விலையுயர்ந்த எஃப் 2.8 லென்ஸ் தேவையே இல்லை. பத்து மடங்கு, 0.28 ஆப்ஜெக்டிவிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 11 மி.மீ.தான். கேமராவோடு சேர்த்து விற்கும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸின் முன்கண்ணாடி அதைத் தாராளமாக உள்வாங்கும். சில ஜூம்களில் படத்தின் மூலைகள் இருளும் என்பது மட்டும் கவனம்.

எண்ணியல் துளைக்கு அடுத்து நான் பார்ப்பது வேலைத் தூரம், அதாவது லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் இடையில் மிஞ்சும் வெளி. இதை மறந்தால் நல்ல ஆப்ஜெக்டிவும் பயனற்றுப் போகும். கல்லூரி நுண்ணோக்கியின் 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் பொருளுக்கு அரை மில்லிமீட்டர் அளவில் நெருங்கி வரும். ஸ்லைடில் தட்டையாகக் கிடக்கும் வெங்காயத் தோலுக்கு அது சரி. முப்பரிமாணப் பூச்சிக்கு, பக்கவாட்டிலிருந்து ஒளி நுழையவே வழி இருக்காது. கொம்போ காலோ கண்ணாடியில் இடிக்கும். நிக்கானின் 10/0.25 ஆப்ஜெக்டிவ் ஒன்றில் பத்தரை மி.மீ. இடம் கிடைக்கிறது. மிட்டுடோயோவின் 10/0.28-இல் 34 மி.மீ.! உலோகப் பரப்புகளையும் சிலிக்கான் சில்லுகளையும் பரிசோதிக்கும் தொழிற்சாலைகளுக்காகச் செய்யப்பட்டது அது. மூடுகண்ணாடி வேண்டாம், தூரமும் அதிகம், நிறப்பிழையும் மிகக் குறைவு. பூச்சி எடுப்பவர்களுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் பூச்சிக்கு இவ்வளவு பொருத்தமான லென்ஸ் வேறு அதிகம் இல்லை. விலை ஒரு நல்ல கேமராவுக்கு நிகர். பழைய கருவிகள் விற்கும் இடங்களில் கீறலில்லாமல் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம் என்பேன்.

அகலமான கூம்புக்கு நாம் கொடுக்கும் விலை ஆழம். எண்ணியல் துளை 0.14-இல் தெளிவாக இருக்கும் பட்டையின் தடிமன் 28 மைக்ரான் அளவில் இருக்கும். 0.28-இல் அது 7 மைக்ரானாகச் சுருங்குகிறது. துளை இரட்டிப்பானால் ஆழம் கால்பங்கு. பழ ஈயின் ஒரு சிறுகண்ணின் அகலத்தில் பாதிகூட இல்லை அது. வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிவதுபோல, பொருளை மெல்லிய தெளிவுப் பட்டைகளாகப் படமெடுத்து, கணினியில் எல்லாவற்றின் தெளிந்த பகுதிகளையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று இதைச் சொல்கிறார்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்க 5 மைக்ரான் படி வைத்தால், ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு 200 படங்கள்.

இந்த முறையின் எல்லை எதுவரை போகும் என்பதை லெவோன் பிஸ் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை எடுத்து, 2016-இல் அங்கேயே காட்சிக்கு வைத்தார். அவருடைய ஒவ்வொரு பூச்சியும் 8000 முதல் 10,000 தனிப்படங்களின் சேர்க்கை. நிக்கான் டி810 கேமரா, 200 மி.மீ. லென்ஸ், அதன் முன் பத்து மடங்கு ஆப்ஜெக்டிவ். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் 10 மைக்ரான் முன்னேறும். பூச்சியைச் சுமார் 30 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கேற்ற ஒளியைத் தனியாக அமைத்தார். மேலே சொன்ன டெலிஃபோட்டோ ஏற்பாட்டிலிருந்து கருவி அளவில் இதில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது பொறுமையும் ஒளியமைப்பும்.

ஐந்து மைக்ரான் படியை விரலால் தள்ள முடியாது. படி மோட்டார் பொருத்திய ரெயில்கள் இதற்கென்றே விற்கின்றன: காக்னிசிஸ் நிறுவனத்தின் ஸ்டாக்ஷாட், விமேக்ரோ ரெயில் போன்றவை. எத்தனை மைக்ரான், எத்தனை படம், இடையில் எத்தனை வினாடி என்று சொல்லிவிட்டால் அதுவே எடுத்து முடிக்கும். அதற்கு வசதி இல்லையென்றால், உடைந்த நுண்ணோக்கியின் அடித்தண்டைத் தேடிப் பிடியுங்கள். அதன் நுண்திருகு ஒரு சுற்றுக்கு 0.1 அல்லது 0.2 மி.மீ. நகர்த்தும், திருகின் ஓரத்தில் மைக்ரான் கோடுகளும் இருக்கும். பழைய தலைமுறையின் துல்லிய எந்திரவேலை அது. கேமராக்கள் சிலவற்றில் தானாகவே ஃபோகஸை மாற்றி வரிசையாக எடுக்கும் வசதி இருக்கிறது. அது லென்ஸின் ஃபோகஸ் மோட்டாரை நம்பியது என்பதால் ஒன்றிரண்டு மடங்குக்கு மட்டும் உதவும்.

சேர்க்கும் மென்பொருளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன. மயிர்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் இடங்களில் பிரமிடு முறை நல்லது. வழவழப்பான பரப்பின் நிறமும் இழைநயமும் கெடாமலிருக்க ஆழவரைபட முறை நல்லது. இரண்டையும் செய்து பார்த்து, பகுதி பகுதியாகக் கலந்துகொள்ளலாம்.

அடுத்தது அதிர்வு. இதற்குச் செலவழிக்கும் பணமும் யோசனையும் லென்ஸுக்கு இணையாக மதிக்கப்படவேண்டும் என்பது என் எண்ணம். பத்து மடங்கில் பொருள் ஒரு மைக்ரான் ஆடினால் பிம்பம் சென்சாரில் பத்து மைக்ரான் ஆடும். கிட்டத்தட்ட இரண்டு பிக்சல். ஒரு மைக்ரான் ஆடுவதற்கு, மாடி வீட்டில் யாரோ அடுத்த அறையில் நடந்தால் போதும், தெருவில் லாரி போனால் போதும். மின்விசிறியின் காற்று ஈயின் கொம்பை அசைக்கும். கேமராவுக்குள்ளேயே கண்ணாடி எழும்புவதும் ஷட்டர் திரை தொடங்குவதும் இன்னும் மோசமான அதிர்வுகள். ரெயிலும் ஆப்ஜெக்டிவும் சேர்ந்து நீளமான நெம்புகோலாகி அவற்றைப் பெருக்கிக் காட்டும்.

தீர்வு இரண்டு. ஒன்று, முதல் திரையை மின்னணு முறையில் தொடங்கும் கேமராவைத் தேர்ந்தெடுப்பது. கண்ணாடியில்லாத கேமராக்கள் பெரும்பாலானவற்றிலும், டிஎஸ்எல்ஆர்கள் சிலவற்றில் லைவ் வியூ நிலையிலும் இது உண்டு. இரண்டாவது, ஃபிளாஷ். பலருக்கு ஃபிளாஷ் என்றால் வெளிச்சத்துக்கு மட்டும்தான். இங்கே அதன் உண்மையான மதிப்பு வேகம். சாதாரண ஃபிளாஷ் ஒன்றை மிகக் குறைந்த திறனில் வைத்தால், பல மாடல்களில் ஒளி இருபதாயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவாகவே எரிந்து அணையும். அறையை இருட்டாக்கிவிட்டு எடுத்தால் அந்த நொடித்துகளில் நடந்த அசைவு மட்டுமே படத்தில் பதியும். அது ஏறக்குறைய ஒன்றுமில்லை. முழுத்திறனில் அதே ஃபிளாஷ் பல மடங்கு நீளமாக எரியும் என்பதால், திறனைக் குறைத்து, ஃபிளாஷைப் பொருளுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதே முறை. எல்இடி விளக்கு பார்வைக்கு வசதி. ஆனால் நீண்ட நேரம் திறந்திருக்கும் ஷட்டரை அது கேட்கும். கான்கிரீட் தரையும் கனமான மேசையும் இருந்தால் மட்டும் அதை நம்பலாம்.

ஒளி எவ்வளவு என்பதைவிட எவ்வளவு பரவலானது என்பது முக்கியம். பூச்சியின் புறக்கூடு பளபளப்பானது, வளைந்தது. நேரடி ஃபிளாஷ் அதில் வெள்ளைப் புள்ளிகளாக எரியும். அந்தப் புள்ளிகளுக்குள் எந்த விவரமும் மிஞ்சாது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்காக சாம் ட்ரோகி மேரிலாந்தில் நடத்திய தேனீ ஆய்வகம் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவியிருக்கின்றன. பொதுவுடைமையாக வெளியிடப்பட்ட அந்தப் படங்களின் குறிப்புகளில் கருவிகளின் பட்டியல் அப்படியே இருக்கும்: கேனான் 5டி மார்க் 2, எம்பி-ஈ 65 லென்ஸ், ஸ்டாக்ஷாட் ரெயில், ஸெரீன் ஸ்டாக்கர், பிறகு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்த இரட்டை ஃபிளாஷ். மீன் எடுத்துப்போகும் அதே தெர்மோகோல்தான். வெள்ளைச் சுவர்கள் ஒளியைப் பலமுறை சிதறடித்து எல்லாப் பக்கமும் நிரப்பிவிடுகின்றன. ஆப்ஜெக்டிவ் வைத்து எடுக்கும்போது பெட்டி பெரிதாகிவிடும். பாதியாக அறுத்த பிங்பாங் பந்தில் ஒரு துளையிட்டு லென்ஸின் முனையில் மாட்டலாம், டிரேசிங் தாளைக் குழாயாகச் சுருட்டிப் பொருளைச் சுற்றி நிறுத்தலாம். பத்து மடங்கில் வேலைத் தூரம் ஏன் அவ்வளவு அவசியம் என்பது இந்தத் தாளை நுழைக்க முயலும்போது விளங்கும்.

கேமரா உடலைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பத்து மடங்கு, 0.28 ஆப்ஜெக்டிவ் பிரிக்கும் 1.2 மைக்ரான் இடைவெளி, சென்சாரில் 12 மைக்ரானாக விழும். அதைப் பதிய, இடைவெளிக்கு இரண்டு பிக்சல் வேண்டும். அதாவது 6 மைக்ரான் பிக்சல். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரின் பிக்சல் அதே அளவுதான். ஐந்து மடங்கு, 0.14 ஆப்ஜெக்டிவுக்கும் கணக்கு இதே விடையைத் தரும். 45 மெகாபிக்சல் சென்சாரில் பிக்சல் 4.4 மைக்ரான், கொஞ்சம் ஆதாயம் உண்டு, பெரிதாக இல்லை. தேனீ ஆய்வகத்தின் 5டி மார்க் 2, 2008-இல் வந்தது, 21 மெகாபிக்சல். சிறிய சென்சார் கேமரா வைத்திருப்பவர்களும் கவலைப்படவேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சாரில் 24 மெகாபிக்சல் என்றால் பிக்சல் நான்கு மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. சட்டம் மட்டும் சிறியது, லென்ஸ் தரும் விவரம் முழுவதும் அதில் பதியும். ஆப்ஜெக்டிவின் பிம்பவட்டமே சுமார் 24 மி.மீ. விட்டத்துக்குள்தான் நன்றாக இருக்கும்படி செய்யப்பட்டிருப்பதால், மூலைகளின் தரத்தில் சிறிய சென்சாருக்கு ஆதாயம்கூட உண்டு. மின்னணு முதல் திரை உள்ள ஒரு கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, புதுக் கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தை ஆப்ஜெக்டிவுக்கும் ரெயிலுக்கும் மாற்றுங்கள்.

இவ்வளவும் அமைந்தபின் முதல் சோதனைப் படத்தில் தெரிவது பெரும்பாலும் தூசிதான். வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பூச்சியின் மேல் மகரந்தம், துணி இழை, உலர்ந்த உப்பு எல்லாம் பத்து மடங்கில் பாறைகளாக நிற்கும். கணினியில் அவற்றை ஒவ்வொன்றாக அழிப்பது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. ட்ரோகியின் ஆய்வகத்தில் தேனீக்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கழுவி, முடி உலர்த்தியின் காற்றில் மயிர்கள் பிரிந்து நிற்கும்வரை காயவைப்பார்கள். பழ ஈ போன்ற சிறியவற்றுக்கு அந்தக் காற்று தாங்காது. ஜன்னல் விளிம்பில் தானாக இறந்து கிடந்ததை எடுத்து, சோப்பு நீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் மெல்ல அலசி, ஓவியர்களின் மிக நுண்ணிய தூரிகையால் தொட்டு உலர்த்தலாம். கொலை செய்து எடுக்கவேண்டிய தேவை இல்லை. மழைக்காலத்துக் காலையில் விளக்கடியில் தேடினாலே போதுமான பூச்சிகள் கிடைக்கும். உலர்ந்ததும் ஒரே ஒரு படம் எடுத்து முழு அளவில் பாருங்கள். இன்னும் துகள் தெரிந்தால், 200 படங்களைத் தொடங்குமுன் மறுபடியும் ஒருமுறை அலசிவிடலாம்.